பத்து மணிக்குப் பார்த்த நிலம்

நகர சபைகளின் வேலைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். சங்கிலி பிடிப்பது, மட்டம் பார்ப்பது, வரைபடம் கீறுவது எல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓய்வுபெற்றவர்கள் எழுத உட்கார்ந்தால் தாங்கள் கட்டிய பாலத்தைப் பற்றியும், தடுத்து நிறுத்திய மண்சரிவைப் பற்றியும்தான் எழுதுவார்கள். எனக்கும் இரண்டு பாலங்கள் உண்டு. இரண்டும் இன்னும் விழவில்லை, அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது ஓர் அறிக்கையில் நான் எழுதிய ஒரே ஒரு வரியைப் பற்றி. அந்த வரியில் ஒரு பொய் கிடையாது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சின்ன மலைநாட்டு நகரம். அங்கே நகர சபையில் எனக்கு ரோடு, கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமாகவும் இல்லை. என் தகப்பனார் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்த சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, அதனால்தான் எனக்கு இந்த உத்தியோகம். எங்களோடு ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மற்றவர்களுக்கு அந்தக் கடதாசி கிடைக்கவில்லை, அது இல்லாததால் ஓட்டும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் நகரத்தில் எல்லாமே சரிவு. கடைத்தெரு சரிவு, பள்ளிக்கூடம் சரிவு, சபைக் கட்டடத்தின் முன்வாசல் ஒரு மாடியிலும் பின்வாசல் இன்னொரு மாடியிலும் இருக்கும். உதைபந்தாட்டம் என்றால் ஊரே பைத்தியம், ஆனால் விளையாட இருந்த மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல் மற்றப் பக்கத்துக் கோலைவிட ஆளுயரம் மேலே. டாஸ் வென்றவன் பாதி ஆட்டத்தை வென்ற மாதிரி. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தொண்டை கிழியக் கத்தியவன்தான்.

சபைத் தலைவர் ஒரு சிங்களப் பெரியவர். வாலிப வயதில் கோல்காப்பாளராக நின்றவர், இரண்டு விரல்கள் அப்போது உடைந்து கோணலாகவே கூடியிருந்தன. நகரத்துக்கு ஒரு நல்ல விளையாட்டரங்கம் கட்ட வேண்டும், சுற்றுமதில், வாசல், ஒரு பக்கம் கெலரி, பெரிய கிண்ணப் போட்டிகள் நம் ஊருக்கு வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் களவு எதுவும் இல்லை. நல்ல மனிதர், நல்ல ஆசை. இப்படிப்பட்ட வேலைகளில்தான் நாம் அதிகம் ஏமாறுவோம்.

அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு இடங்களைப் பார்க்கச் சொன்னார். ஒன்று, கடைத்தெருவுக்குக் கீழே ஆற்றோரமாக இருந்த சபைக்குச் சொந்தமான வெளி. நகரத்தில் இருந்த ஒரே சமதரை அதுதான். மற்றது, நகரத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்த்துக் கைவிட்ட, ஓரளவு சமமான பழைய தவறணை.

"ஆற்றோர நிலத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால் சொல்லு. தவறணையைத் தருவதைப் பற்றிப் பேசலாம் என்று அந்தத் தோட்டத்துத் துரை சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்குப் போவதற்கு முன்னால் பேச வேண்டும்" என்றார். அவர் சிங்களத்தில் பேசியதை நான் தமிழில் தருகிறேன்.

தவறணைக்குப் போக இரண்டு மைல் ஏற வேண்டும். அட்டைக்கடி வேறு. நான் ஆற்றோர நிலத்துக்கு மட்டும் போனேன்.

அந்த வெளியை ஒட்டி இரண்டு லயங்கள் இருந்தன, வேலையாட்களின் குடும்பங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஆண்கள் சபையின் ரோட்டு வேலை செய்வார்கள், கடைத்தெருவில் மூட்டை தூக்குவார்கள். பெண்கள் பக்கத்துத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கப் போவார்கள். வெளியின் வடக்கு மூலையில் ஒரு மூங்கில் புதர், அதற்குப் பின்னால் பீலி. மலையில் ஊறும் தண்ணீரைத் தகரக் குழாய் வைத்துக் கல்லின்மேல் விழச் செய்திருப்பார்கள், அதைத்தான் பீலி என்போம். குடிக்க, குளிக்க, துவைக்க, இரண்டு லயத்துக்கும் அந்த ஒரு பீலிதான்.

அடுத்தடுத்து இரண்டு நாட்கள், காலை பத்து மணிக்குப் போனேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. புல்லில் இரண்டு மாடுகள். லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பீலியில் தண்ணீர் மட்டும் தனியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அளந்தேன், கீறினேன். கெலரிக்காக வடக்கு மேட்டை வெட்டினால் மதில் சரியாகப் பீலிக் கல்லின் மேலே வரும். வரைபடத்தில் அந்த இடத்தில் "ஊற்று, மூடித் திருப்பலாம்" என்று குறித்தேன். அறிக்கையில் எழுதினேன்: "வெற்று நிலம். பார்வையிட்டபோது ஆட்கள் புழக்கம் இல்லை. சிக்கல் எதுவும் இல்லை." கையெழுத்து வைத்தேன். கையெழுத்துக்குக் கீழே கோடு வேறு போட்டேன், அப்போது எனக்கு அப்படியொரு பழக்கம்.

சபை விளம்பரப் பலகையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அதில் இருந்தது. லயத்தில் அதைப் படிக்கக் கூடியவர்கள் யாரும் அந்தப் பலகைப் பக்கம் போவதில்லை.

பிறகு முளை அடிக்கப் போனேன். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடித்துவிட்டுப் போவதாகத் திட்டம். மழை பிடித்துக்கொண்டது. சங்கிலி பிடிக்க வந்த ஆட்களோடு லயத்துக் கூரைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். மழை விட்டபோது நாலேகால். கடைசி முளை பீலிக் கல்லுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டியது. அவசரமாக அடித்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். கூடையைக்கூட இறக்கவில்லை. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனைந்திருந்தது, கையில் வரும் வழியில் லயத்தில் எடுத்த வாளி. என்னைக் கண்டதும் மூங்கிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

முன்னால் வந்தவள் ராக்கம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும், அந்த லயங்களில் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. எங்கள் நகரக் குழுவின் கப்டன் சௌந்தரத்தின் தாய்.

"ஐயா, இது என்னங்க குச்சி?"

"மதில் வரப் போகுது."

"எதுக்கு?"

"புட்போல் வெளையாட ஸ்டேடியம் கட்டப் போறாங்க."

"மதிலு இங்கன வந்தா பீலி எங்கிட்டு போகும்?"

நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "அதெல்லாம் சபை பாத்துக்கும்" என்றேன். உங்கள் உத்தியோக வாழ்க்கையில் இந்த வார்த்தையை நீங்களும் பலமுறை சொல்வீர்கள். ராக்கம்மா முளையைப் பிடுங்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. முளையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. நனைந்த படங்கை அவிழ்த்து அதன் மேலே தொங்கப் போட்டாள்.

"போங்க ஐயா. பொம்பளைக குளிக்கணும்" என்றாள்.

நான் போனேன். மூங்கிலைத் தாண்டி நடக்கும்போது வரிசையைப் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை எல்லாரும் முன்னால் விட்டார்கள். அவளுக்குப் பிறகு வயிற்றுப் பிள்ளைக்காரி. இரண்டு லயத்துப் பெண்களும் நின்றார்கள். வரிசை வெளியின் பாதி வரைக்கும் இருந்தது.

அன்றைக்கே அறிக்கையைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. நிரந்தரமாகாத உத்தியோகம், கையெழுத்துப் போட்ட அறிக்கை, தலைவரின் ஆசை, எல்லாம் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டன. இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பயந்தேன் என்பதுதான் நேரான பேச்சு.

ராக்கம்மா சும்மா இருக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து ஒரு மனு எழுதி வாங்கி, இரண்டு லயத்தாரின் கைநாட்டும் வைத்துச் சபையில் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய கிளாக்கர் அதை வாங்கி, வாக்காளர் பெயர்ப் பதிவான இடாப்பை எடுத்து, ஒவ்வொரு பெயராகத் தேடினார். ஒரு பெயரும் இல்லை.

"ஆட்சேபனை சொல்ல இடாப்பில பேர் இருக்கணும்மா. சட்டம் அப்படி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊருக்கு ரோடு போட்டவர்களுக்கு அந்த ஊர் இடாப்பில் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சபை கூடியது. விளையாட்டரங்கம் என்பதால் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைகளில் கடைக்காரர்கள், நடுவில் உதைபந்தாட்டக் குழு, பின்சுவரோரமாக லயத்துப் பெண்கள் நல்ல சேலை உடுத்தி நின்றார்கள். அவர்களுக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை.

தலைவர் முதலில் சௌந்தரத்தைப் பேசச் சொன்னார். அவன் எழுந்து நின்றான். மூட்டை தூக்கித் தோள் அகன்றிருந்தது, பேச்சு மட்டும் மெதுவாக வந்தது.

"போன வருஷம் பைனல் நம்ம ஊருலதான் நடக்கணும்னு இருந்துச்சு. கிரவுண்டு சரிவுன்னு நோர்வூட்டுக்கு மாத்திட்டாங்க. லொறியில நின்னுகிட்டே போயி வெளையாண்டோம். நம்ம ஆளுக பாதிப் பேருக்கு வர முடியல. தோத்துட்டோம். நாங்க வேற ஒண்ணும் கேக்கல. ஒரு சமமான தரை குடுங்க. அதுக்கப்புறம் தோத்தா எங்க மேல குத்தம்."

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். பிள்ளை கேட்டதில் என்ன தவறு?

அடுத்துப் பெரிய கிளாக்கர் எழுந்து, லயத்திலிருந்து வந்த மனு சட்டப்படி ஏற்கத்தக்கதல்ல என்று வாசித்தார். அப்போது பின்சுவரிலிருந்து ராக்கம்மாவின் குரல் கேட்டது.

"சேர்மன் மாத்தயா, ஒரு வார்த்த. இப்பப் பேசுனானே எம் மகன், அவன் பேரு இடாப்புல இருக்குங்களா?"

பெரிய கிளாக்கர் தலைவரைப் பார்த்தார்.

"அவனுக்குப் பேச ஓட்டு வேணாம், பெத்தவளுக்கு மட்டும் வேணுமா?"

தலைவர் சிரித்துவிட்டார். கையை உயர்த்தி, "பேசு அம்மா" என்று தமிழிலேயே சொன்னார்.

அவள் பீலியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைப் பேற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான், சாவுக்குத் தலை முழுகவும் அந்தத் தண்ணீர்தான் என்றாள். சௌந்தரம் எழுந்து, "அம்மா, அதுக்குப் பதிலா பைப்பு போட்டுத் தருவாங்க" என்றான்.

"பைப்பு வரட்டும்டா, தண்ணி கொட்டட்டும், அப்புறம் பீலிய மூடட்டும். லயத்துக்குக் கக்கூசு கட்டித் தாறோம்னு சொன்னதும் இதே சபதான். நீ பாவாடப் புள்ளைகளோட வெளையாண்டுகிட்டுத் திரிஞ்ச காலத்துல சொன்னாங்க."

குழுவினரே சிரித்தார்கள். சௌந்தரம் உட்கார்ந்துவிட்டான். துணிக்கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். போட்டி நடந்தால் கடைத்தெருவுக்கு நல்லது என்பது அவர் கட்சி. கையில் என் அறிக்கை இருந்தது.

"இங்கே எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஆனால் நம்முடைய ஓவசியர் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆட்கள் புழக்கம் இல்லை என்று. அவர் இங்கேதான் இருக்கிறார். கேளுங்கள்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதியது சரிதானே?"

எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்தது இது: "நான் போனபோது அங்கே யாரும் இல்லை, சேர்."

அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. முன்வரிசைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். பின்சுவர்ப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"ஐயா," ராக்கம்மா கூப்பிட்டாள். "எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பத்து மணிக்கு."

பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பத்து மணிக்கு நாங்க மலையில நிப்போம். ஐயா வூட்டுக்கு நான் பத்து மணிக்கு வந்தா ஐயாவுந்தான் இருக்க மாட்டீங்க, ஆபீசுல இருப்பீங்க. அப்ப ஒங்க வூடும் வெத்து நெலமுங்களா?"

மண்டபமே சிரித்தது. கடைக்காரர்களும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டேயிருந்தேன். உட்காரலாமா என்றுகூடத் தெரியவில்லை.

தலைவர் மேசையைத் தட்டினார். "நாளை மாலை நாலரைக்குச் சபை முழுவதும் அங்கே போகும். கண்ணால் பார்த்துத் தீர்மானிப்போம்."

"அந்த நேரம் ஆம்பளைக பீலிக்கு வரக் கூடாதுங்களே மாத்தயா" என்றாள் ராக்கம்மா.

"அப்படியானால் நாங்கள் எப்படிப் பார்ப்பது?"

"மூங்கிக்கிட்ட வந்து நில்லுங்க. நாங்க முடிச்சதும் கூப்புடுறோம்."

திங்கட்கிழமை நாலரைக்கு மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் சபை முழுவதும் நின்றது. கோட்டுப் போட்டவர்கள், வேட்டி கட்டியவர்கள், துணிக்கடை உறுப்பினர், பெரிய கிளாக்கர், ஓரமாக நான். தூறல் ஆரம்பித்தது. குடைகள் விரிந்தன. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம், வாளிச் சத்தம், பேச்சு, சிரிப்பு. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அந்த மலைகளில் பிறந்த எந்த ஆணுக்கும் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். ஈரத் தலை, தலையில் குடம், இடுப்பில் துணி மூட்டை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஐந்து மணி ஆனது. ஐந்தரை ஆனது. இன்னும் லயத்திலிருந்து புதிதாக வாளிகள் வந்துகொண்டேயிருந்தன. துணிக்கடை உறுப்பினரின் சப்பாத்து சேற்றில் புதைந்துவிட்டது. "இன்னும் எவ்வளவு பேர்தான் இருக்கிறார்கள்?" என்று அவர் முனகினார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் வந்திருந்தோம் என்பது அவருக்கே கொஞ்சம் கழித்து உறைத்திருக்க வேண்டும், பிறகு குனிந்து சப்பாத்தைச் சேற்றிலிருந்து இழுக்கத் தொடங்கினார்.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ தோட்டத்தில் பிறந்தவன்தானே?"

"ஆமா, சேர்."

"மாலையில் ஆண்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதனால்தான் பத்து மணிக்குப் போனாயா?"

"ஆமா. விடியக்காலையிலும் பின்னேரத்திலும் போறது மரியாதை இல்லைன்னு."

அவர் குடையை மறு கைக்கு மாற்றினார். "அப்படியென்றால் பத்து மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும்."

அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டிருக்கவில்லை. ஆட்கள் இருக்கும் நேரத்தில் போகக் கூடாது என்று தெரிந்து, ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஆட்கள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வெளியூர்க்காரன் ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அவன் ஐந்து மணிக்குப் போய் நாலு திட்டு வாங்கிக்கொண்டு வந்து உண்மையை எழுதியிருப்பான்.

"நாளைக்கு அறிக்கையோடு வா" என்றார் தலைவர். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இருட்டும் நேரத்தில் ராக்கம்மா, "வாங்க மாத்தயா" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தோம். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு தகரக் குழாய், ஒரு கல், நான் அடித்த முளை. முளையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துணி தொங்கியது.

மறுநாள் தலைவர் அறையில் பெரிய கிளாக்கரும் இருந்தார். தலைவருக்கு உண்மையிலேயே சங்கடம். மனம் மாறிவிட்டது, ஆனால் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. "ஆட்சேபனை எதுவும் சட்டப்படி வரவில்லை. எதை வைத்துத் திட்டத்தை மாற்றுவது? உறுப்பினர்கள் கேட்பார்கள்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று தெரியாது. முந்தின இரவு நான் தூங்கியிருக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

"சேர், ஆட்சேபனை சொல்லத்தான் இடாப்பில பேர் இருக்கணும். நிலம் பாவனையில இருக்குன்னு, ஆட்கள் புழங்குறாங்கன்னு எழுத யாருக்கும் ஓட்டு தேவையில்லையே. அது என் வேலை."

பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் திருத்தினால் உன் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஏறும் தம்பி. வேலை நிரந்தரமாகும் நேரத்தில் அதைப் பார்ப்பார்கள்" என்றார். பயமுறுத்தவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்.

அப்போதே அந்த இடத்திலேயே எழுதினேன்: "முன்னைய குறிப்பு தவறு. நிலத்தின் வடக்குப் பகுதி தினமும் காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரையும், மாலை நாலரை முதல் இருட்டும் வரையும் இரண்டு லயத்தாரின் முழுப் பாவனையில் உள்ளது. வேறு தண்ணீர் இல்லை. முன்னர் பார்வையிட்ட நேரம் காலை பத்து. அந்த நேரம் பொருத்தமானதல்ல." கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து கோடு போடுவதை விட்டுவிட்டேன்.

அந்தக் குறிப்பை வைத்துச் சபை திட்டத்தை மாற்றியது. வடக்கு மதில் போனது, கெலரி போனது. பீலியும் அதற்குப் போகும் பாதையும் நின்றன. மிச்சமிருந்த இடத்தில் ஒரு மைதானம் போட்டோம். எனக்கு வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. அது எனக்குத் தேவைதான்.

இன்றைக்கு நீங்கள் நிரப்பும் நில விவரப் படிவத்தில் "பார்வையிட்ட நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். எங்கள் சபையில் அந்தக் கட்டத்தைத் தலைவர் தன் கோணல் விரலால் பேனா பிடித்துக் கீறிச் சேர்த்தார். அதில் நேரத்தை எழுதுங்கள். எழுதும்போது, ஏன் அந்த நேரத்தைத் தேர்ந்தீர்கள் என்று உங்களையே ஒரு தடவை கேளுங்கள். வெளிச்சத்துக்காகவா, வசதிக்காகவா, மரியாதைக்காகவா? இடாப்பில் பெயர் இல்லாதவர்களின் இடத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் ஒரு தடவை கேளுங்கள். அவர்களுக்காக எழுத்தில் இருக்கப்போவது உங்கள் ஒரு வரிதான்.

இத்தோடு நிறுத்தினால் திருந்திய நல்லவனாக நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் சௌந்தரம் இருக்கிறான்.

வடக்குப் பக்கம் விட்டுக் கொடுத்ததால் மைதானம் நீளத்தில் குறைந்துவிட்டது. பெரிய கிண்ணப் போட்டி நடத்துபவர்கள் வந்து அளந்து பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தலைவர் உடனே மேலே உள்ள தோட்டத்துக்குப் பழைய தவறணையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்தத் துரை அதற்குள் தன் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தவறணை முழுவதும் தேயிலைக் கன்று ஊன்றியிருந்தார். நாங்கள் ஆற்றோரத்தில் முளை அடித்துக்கொண்டு திரிந்த வாரங்களில்தான் ஊன்றியிருக்கிறார்கள்.

சௌந்தரம் ஒரு வாரம் வீட்டில் சாப்பிடாமல் கடையில் சாப்பிட்டான் என்று கேள்விப்பட்டேன். பிறகு தாயும் மகனும் சமாதானமாகிவிட்டார்கள். ராக்கம்மா என்னைக் கண்டால், "ஐயா நட்ட குச்சி இன்னும் நல்லாத்தான் இருக்கு, துணி காயப்போட ஒதவுது" என்பாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் பின்னேரம் அந்த மைதானத்தின் வடிகாலைப் பார்க்கப் போயிருந்தேன். சௌந்தரம் சின்னப் பையன்களுக்குப் பந்து பழக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய விளையாட்டுக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. சொந்த ஊரில் ஒரு பைனல்கூட அவன் ஆடவில்லை. என்னைக் கண்டதும் வந்து பக்கத்தில் நின்றான். தூரத்தில் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது.

"ஐயா, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான்.

"கேளு."

"மொதல் தடவையே சரியா எழுதியிருந்தீங்கன்னா அந்தத் தவறணைய வாங்கியிருக்கலாம், இல்லீங்களா? அம்மாவுக்குப் பீலியும் இருந்திருக்கும், எங்களுக்குக் கிரவுண்டும் இருந்திருக்கும்."

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஆமா, சௌந்தரம்" என்றேன். "ரெண்டும் இருந்திருக்கும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அந்த நேரம் ஒரு பையன் உதைத்த பந்து கோலுக்கு மேலே போய் ஆற்றில் விழுந்தது. சௌந்தரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதை எடுக்க இறங்கிப் போனான்.